சுவருக்குள் குழாய் ஓடுவது யாருக்குத் தெரியும்?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. ஏசி மாட்ட வந்தவர் படுக்கையறைச் சுவரில் துளை போடுகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. மெஷின் சத்தம் சட்டென்று மாறுகிறது. செங்கல் தூளோடு தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. உள்ளே போகும் கன்சீல்டு பைப்பில் ஓட்டை விழுந்துவிட்டது. "உள்ளே லைன் போகுதுன்னு நீங்க சொல்லவே இல்லையே சார்" என்கிறார் அவர். "பாத்ரூம் சுவர்னு பார்த்தாலே தெரியாதா?" என்கிறீர்கள் நீங்கள். இந்த இரண்டு வாக்கியங்களும் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்க, தண்ணீரும் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தச் சண்டையில் பொருள் இருக்கிறது. யார் காசு கொடுப்பது என்பதே கடைசியில் அந்த இரண்டு வாக்கியங்களில் எது நிற்கிறது என்பதைப் பொறுத்ததுதான். ஆனால் அதைப் பேச வேண்டிய நேரம் அது இல்லை. முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் கேட் வால்வு இருக்கும். அடுக்குமாடி வீடு என்றால் உங்கள் லைனுக்கான வால்வு ஷாஃப்ட்டிலோ குளியலறைப் பரண்மேலோ இருக்கும். அதை மூடிவிட்டு, வீட்டில் தாழ்வாக இருக்கும் ஒரு குழாயைத் திறந்துவிடுங்கள். லைனில் தேங்கிய தண்ணீர் சுவருக்குள் இறங்காமல் அந்த வழியாக வடிந்துவிடும். உடைந்தது சுடுதண்ணீர் லைன் என்றால் கீசரையும் அணையுங்கள். பக்கத்தில் சுவிட்ச் போர்டு இருந்தால் அந்த அறையின் எம்சிபி மட்டும் போதாது, மெயினையே இறக்குங்கள். நம் வீடுகளில் எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று எழுதி வைத்திருப்பவர் அபூர்வம். துளையில் தண்ணீர் வராமல் மெஷின் மட்டும் நின்று, மின்சாரம் போய்விட்டது என்றால் வெட்டுப்பட்டது ஒயர். அப்போதும் மெயின்தான். குழாயில் ஏறியது ஆணியோ ஸ்க்ரூவோ என்றால் தண்ணீர் நிற்கும்வரை அதைப் பிடுங்காதீர்கள். அதுவே பாதி அடைப்பாக நிற்கும்.

இதையெல்லாம் நான் பாதுகாப்புக்காக மட்டும் சொல்லவில்லை, பணத்துக்காகவும்தான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 73-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவர் எவ்வளவு நஷ்டஈடு தர வேண்டும் என்பதைச் சொல்கிறது. நஷ்டத்தைக் கணக்குப் போடும்போது, அதைச் சரிசெய்யப் பாதிக்கப்பட்டவர் கையில் என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அதன் விளக்கம் கூறுகிறது. அதாவது, வால்வை மூடியிருந்தால் ஒரு சுவரோடு போயிருக்கும் சேதம், நீங்கள் கோபத்தில் "அவனே வந்து நிறுத்தட்டும்" என்று கைகட்டி நின்றதால் கூடம்வரை பரவியது என்றால், கூடத்துக்கான கணக்கு உங்கள் தலையில் வந்து விழலாம்.

தண்ணீர் நின்றதும் அடுத்த வேலை போன் கேமரா. துளை எங்கே இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது, மெஷின், ஏணி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்படி எடுங்கள். ஒரு டேப்பைச் சுவரில் பிடித்து ஒரு படம். பிறகு, வேலை செய்தவர் அங்கே நிற்கும்போதே, அவரை அனுப்பிய கான்ட்ராக்டருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. திட்டும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். கிட்டத்தட்ட இப்படி இருந்தால் போதும்: "இன்று காலை 11 மணிக்கு உங்கள் ஆள் ஏசிக்குத் துளை போடும்போது பாத்ரூம் தண்ணீர் லைன் உடைந்தது. வால்வை மூடிவிட்டோம். படங்கள் அனுப்பியிருக்கிறேன். இன்றே வந்து பார்த்து, எப்படிச் சரிசெய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்." அவர் குரல் பதிவில் "வந்து பண்ணித் தர்றேன் சார், கவலைப்படாதீங்க" என்பார். அந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள், அந்த போனையும் விற்றுவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதீய சாட்சிய சட்டத்தின்படி, வாட்ஸ்அப் உரையாடலை வழக்கில் சான்றாகக் காட்ட அதற்குரிய சான்றிதழ் தர வேண்டும். அது இருந்த கருவி உங்களிடமே இருந்தால் அந்த வேலை எளிது.

இப்போது அந்த இரண்டு வாக்கியங்களுக்கு வருவோம்.

தவறு யாருடையது என்று கேட்டால் முடிவே வராது. தெரிந்திருக்க வேண்டியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். குளியலறைக் குழாய்க்கு நேர் மேலே, நேர் கீழே லைன் போகும், சுவிட்ச் போர்டிலிருந்து செங்குத்தாக ஒயர் பைப் ஏறும். இது எந்த பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் தொழிலின் அரிச்சுவடி. ஏசி மாட்டுகிறவருக்கும்தான். குளியலறை மிக்ஸர் குழாய்க்கு நேர் மேலே துளை போட்டுவிட்டு "சொல்லலையே" என்றால் அந்தச் சாக்கு நிற்காது. அவர் கேட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பக்கம் போய் ஒரு எட்டுப் பார்த்திருக்க வேண்டும். மாறாக, பழைய குளியலறையை மூடி அலமாரியாக்கிய சுவர், மேலே பூச்சு, பெயின்ட், ஆனால் உள்ளே மாடிக்குப் போகும் லைன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று வையுங்கள். அது உங்களுக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்லாமல் விட்டது நீங்கள். இங்கே முழுச் செலவையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. வீட்டை நீங்களே வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது, உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரிய வழியில்லை என்றால் பாதிப்பாதி என்று பேசி முடிப்பதே நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதிலேயே இன்னொரு நுணுக்கம். வேலையை மொத்தமாக ஒரு கான்ட்ராக்டரிடம் ஒப்படைத்திருந்தால், எங்கே துளை, எப்படித் துளை என்பது அவர் முடிவு. நாள் கூலிக்கு ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று "இங்கே உடைங்க, அதுக்கு இன்னும் கொஞ்சம் கீழே" என்று நீங்களே காட்டியிருந்தால், மேஸ்திரி நீங்கள்தான். அவர் உங்கள் கையாக வேலை செய்திருக்கிறார். அன்றைக்குக் கூலி வாங்கிப் போகிற மனிதரிடம் போய் இருபதாயிரம் கேட்பது சட்டத்திலும் நிற்காது, மனசுக்கும் ஒப்பாது.

யாரிடம் கேட்பது என்பதிலும் ஜனங்கள் தடுமாறுகிறார்கள். ஏசியைக் கடையில் வாங்கினீர்கள். கடை சர்வீஸ் சென்டருக்குச் சொன்னது. சென்டர் வேறொரு ஆளை அனுப்பியது. உடைந்ததும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பில். மாட்டும் கூலியை யாருக்குக் கொடுத்தீர்களோ, யார் பெயரில் ரசீது இருக்கிறதோ அவரே உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவர் யாரை அனுப்பினார், அந்த ஆளுக்கு என்ன கொடுத்தார் என்பது அவர்களுக்குள் உள்ள கணக்கு. வேலை செய்த தம்பியின் சட்டையைப் பிடிப்பதில் பயனில்லை. அவருடைய மெஷினையோ வண்டிச் சாவியையோ பிடுங்கி வைத்துக்கொள்ளவே கூடாது. உங்கள் பக்கம் முழு நியாயம் இருந்தாலும் அந்த நிமிடத்திலிருந்து புகார் உங்கள் மேல் வரும்.

அந்தப் பழைய 73-ஆவது பிரிவைக் கொஞ்சம் மெச்சிக்கொள்ள வேண்டும். சட்டப் புத்தகம் என்றாலே காய்ந்துபோன எழுத்து என்று நினைக்கிறோம். அந்தப் பிரிவின் கீழே குட்டிக் கதைகள் மாதிரி உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில், ஒருவர் முன்பணம் வாங்கிக்கொண்டு இன்னொருவர் வீட்டைப் பழுதுபார்க்கிறார், ஆனால் பேசியபடி செய்யவில்லை. பேசியபடி ஆக்குவதற்கு என்ன செலவோ அதை அவரிடம் வசூலிக்கலாம் என்கிறது சட்டம். 150 வருடத்துக்கு முன்பும் அட்வான்ஸ் வாங்கிய மேஸ்திரி பிரச்சினை இருந்திருக்கிறது பாருங்கள்! இன்னொன்றில், ஜனவரி 1-க்குள் வீடு கட்டித் தருவதாக ஒருவர் ஒப்புக்கொள்கிறார். அந்த வீட்டை வாடகைக்கு விடப்போவது அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. மோசமாகக் கட்டியதால் வீடு விழுந்துவிடுகிறது. திரும்பக் கட்டும் செலவு மட்டுமல்ல, போன வாடகையும், வாடகைதாரருக்குக் கொடுக்க நேர்ந்த ஈடும் அவர் தர வேண்டும். ஏன்? அவருக்குத் தெரியும் என்பதால்தான். இந்த உதாரணத்தின் உயிர் அந்தத் தெரிந்திருந்ததில் இருக்கிறது. ஒப்பந்தத்தின்போதே இரண்டு தரப்புக்கும் தெரிந்திருந்த விளைவுக்கு ஈடு உண்டு, யாருக்கும் தோன்றாத தூரத்து நஷ்டத்துக்குக் கிடையாது. ஆகவே பெண்ணின் நிச்சயதார்த்தம் அடுத்த மாதம் இந்த வீட்டில்தான், புது வாடகைதாரர் ஒன்றாம் தேதி வருகிறார் என்பதையெல்லாம் வேலை ஆரம்பிக்கும்போதே எழுத்தில் சொல்லி வையுங்கள். உடைந்த பிறகு சொன்னால் அது வெறும் புலம்பல்.

இனி சரிசெய்வது. உடைத்தவருக்கே முதல் வாய்ப்பைக் கொடுங்கள் என்பேன். வெளியாளைக் கூப்பிட்டு நீங்களாகச் செய்துவிட்டு பில்லை நீட்டினால், "எங்கிட்ட சொல்லியிருந்தா பாதி செலவில் முடிச்சிருப்பேன்" என்ற பேச்சு வரும், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கும். ஆனால் ஏசி மாட்டுகிறவர் குழாயை ஒட்டக்கூடாது, பிளம்பர்தான் ஒட்ட வேண்டும். கூலி அவர் கொடுக்கட்டும். ஒட்டுகிற இடத்தில் நின்று பாருங்கள். ஓட்டைமேல் எபாக்ஸிப் பசையை அப்பி, மேலே சிமென்ட் பூசிவிட்டுப் போவது நடக்கிற காரியம். அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும் லைனுக்கு, அதுவும் சுவருக்குள், அது வைத்தியமே இல்லை. அடிபட்ட துண்டை வெட்டி எடுத்து, புதுத் துண்டு வைத்து, இரண்டு பக்கமும் கப்ளர் போட்டு, சால்வென்ட் சிமென்ட்டால் ஒட்டி, அது இறுக விட வேண்டும். சுடுதண்ணீர் லைன் என்றால் வெளிர்மஞ்சள் சாயலில் இருக்கும் சிபிவிசிதான் போட வேண்டும். பையில் கிடந்த வெள்ளை யுபிவிசித் துண்டை மாட்டிவிட்டால் சூட்டில் இளகிவிடும். முக்கியமாக, அன்றைக்கே சுவரை மூட விடாதீர்கள். வால்வைத் திறந்து, வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடி, ஒரு ராத்திரி முழுக்க லைன் அழுத்தத்தில் இருக்கட்டும். காலையில் இணைப்பைச் சுற்றி ஒரு பேப்பர் துண்டை வைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் பூசலாம்.

பூசினாலும் விஷயம் முடியாது. சுவர் குடித்த தண்ணீர் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பட்டி போட்டுப் பெயின்ட் அடித்தால் ஓதம் அடித்து உரியும், உப்புப் பூக்கும். பார்ட்டிகிள் போர்டு அலமாரியின் அடிப்பக்கம் ஊதிப்போவது மெதுவாகத்தான் தெரியும். கதவு நிலை உப்பிக் கதவு மாட்டிக்கொள்வதும் அப்படியே. அதனால் முதல் நாளே ஒரு தொகை பேசி, வாங்கிக்கொண்டு, "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். குழாய் வேலை இப்போது, பெயின்ட் சுவர் காய்ந்தபின், மரச்சாமானில் பின்னால் தெரிய வருவதும் இதில் சேர்த்தி என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் இருக்கட்டும், அவர் ஒரு "ஓகே" போடட்டும்.

டைல்ஸ் உடைந்திருந்தால்தான் உண்மையான தலைவலி. டைல்ஸ் பெட்டியில் ஷேடும் பேட்ச் எண்ணும் அச்சாகியிருக்கும். அதே டிசைன் வேறு பேட்சில் வந்தால் நிறம் ஒரு சாயல் மாறும், பகல் வெளிச்சத்தில் அந்த ஒரு டைல் மட்டும் தனியாகப் பல்லிளிக்கும். வருடம் போனால் அந்த டிசைனே கிடைக்காது. வீடு கட்டும்போது மிஞ்சிய ஒரு பெட்டியைப் பரணில் போட்டு வைத்தவர்கள் புத்திசாலிகள். இல்லாதவர்கள், ஒரு டைலுக்காக முழுச் சுவரையும் மாற்றித் தரச் சொல்லலாமா? என் கருத்தில், இரண்டு வருடத்துக்குள் போட்ட சுவர் என்றால் கேட்கலாம். பன்னிரண்டு வருடத்துச் சுவர் என்றால், புதுச் சுவரின் முழு விலையையும் அவரிடம் வாங்குவது நஷ்டஈட்டைத் தாண்டிய லாபம். பழசுக்குப் பழசின் மதிப்பு, மிச்சத்தை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உடைந்த வரிசை முழுக்க வேறு நிறத்தில் ஒரு பட்டை ஓட்டிவிடுங்கள். வேண்டுமென்றே செய்த அலங்காரம் மாதிரிதான் இருக்கும்.

பணத்தைப் பிடித்து வைப்பது பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். பாக்கி இருக்கிறது என்றால் பேச்சுக்கு வலு உண்டு, அது உண்மை. ஆனால் எட்டாயிரம் ரூபாய் சேதத்துக்கு எண்பதாயிரம் பில்லை முழுக்க நிறுத்தினால், மறுநாள் முதல் அவர் ஆட்கள் வரமாட்டார்கள், வேலையைப் பாதியில் நிறுத்தச் செய்தவர் என்ற பெயரும் உங்களுக்கு வரும். இன்னொரு பிளம்பரிடம் ஒரு மதிப்பீடு எழுதி வாங்குங்கள். அந்தத் தொகையையும், பெயின்ட்டுக்கு இன்னும் கொஞ்சத்தையும் மட்டும் நிறுத்தி, எதற்காக நிறுத்தினேன் என்று எழுதி, மீதியைக் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர் கீழ்வீட்டுச் சீலிங்கில் இறங்கிவிட்டதா? அவர்களுக்கு கான்ட்ராக்டர் யாரென்றே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர்களுக்கு முகம் நீங்கள். நீங்கள் போய்ப் பார்த்து, சரிசெய்து கொடுத்து, அந்தச் செலவையும் உங்கள் கணக்கில் சேர்த்து கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். "அவரைப் போய்க் கேளுங்க" என்று மாடிப்படியில் நின்று சொன்னால் வருடக்கணக்கில் லிஃப்டில் முகம் பார்க்க முடியாது.

வீட்டுக் காப்பீடு நமக்கு வழக்கமில்லை என்று நினைப்போம். வீட்டுக் கடன் வாங்கியவர்கள் ஒருமுறை அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். வங்கி சொல்லி எடுத்த பாலிசி ஒன்று உள்ளே தூங்கிக்கொண்டிருக்கலாம். 2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களும் தரவேண்டும் என்று வகுத்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிந்து ஏற்படும் சேதம் ஒரு இனமாகவே இருக்கிறது. துளை போட்டு உடைந்தது அதில் வருமா என்பதை நிறுவனம் முடிவு செய்யும். அதனால் சரிசெய்து மூடுவதற்கு முன்பே அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். இன்னொன்று: காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குப் பணம் தந்தால், கான்ட்ராக்டரிடம் அதை வசூலிக்கும் உரிமை அவர்களுக்குப் போகிறது. அவருக்கு "பாக்கி ஒன்றுமில்லை" என்று நீங்கள் முந்திக்கொண்டு எழுதிக் கொடுத்திருந்தால் உங்கள் கிளெய்முக்கே சிக்கல்.

பேச்சு எதுவும் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பெரிய நிறுவனம் என்றால் சில சமயம் அதிலேயே அசைவு வரும், உள்ளூர் மேஸ்திரி என்றால் அவ்வளவாக வராது. அடுத்தது மாவட்ட ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி காசு கொடுத்துப் பெற்ற சேவையில் குறைபாடு என்றால் புகார் தரலாம். உறவுக்காரர் ஓசியில் செய்து கொடுத்ததற்குத் தர முடியாது. சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. கான்ட்ராக்டர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இணையத்திலும் போடலாம். பரிசோதனைக்கூட ஆய்வு தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட நாளாகும் என்று வைத்துக்கொண்டே போங்கள். கெடு, சம்பவத்திலிருந்து இரண்டு வருடம். ஆறாயிரம், எட்டாயிரம் ரூபாய்க்கு அந்த அலைச்சல் தகுமா என்றால், பெரும்பாலானவர்களுக்குத் தகாது. ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்றால் தகும். ஆனாலும் ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ், படங்கள், மதிப்பீடு, பதினைந்து நாள் அவகாசம் என்று அனுப்பினால், பாதிப் பேர் வழக்குக்கு முன்பே வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. துளை போட்டு உடைத்தவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர், உடைந்த அடுத்த நிமிடம் "சார், லைன்ல பட்டுடுச்சு" என்று தானே சொல்வார். இன்னொருவர், ஒயரில் லேசாகப் பட்டதையும் குழாயில் கீறல் விழுந்ததையும் சிமென்ட்டால் மூடிவிட்டு, கூலி வாங்கிப் போய்விடுவார். ஆறு மாதம் கழித்து ஓதம் ஏறும்போது அவர் எடுக்காத போனுக்கு நீங்கள் அடித்துக்கொண்டிருப்பீர்கள். முதல் ஆளிடம் சேதத்துக்கான காசைக் கட்டாயம் வாங்குங்கள், ஆனால் அவர் நம்பரை போனிலிருந்து அழிக்காதீர்கள். அடுத்த வேலைக்கும் அவரையே கூப்பிடுங்கள்.